ஆயுள் தடை மட்டும் போதாது

என்பிஏ கூடைப்பந்து லீக்கின் ரொறன்ரோ ராப்டர்ஸ் அணி வீரர் ஜொன்டே போர்ட்டருக்கு 2024 ஏப்ரல் 17 அன்று ஆயுள் தடை விதிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 24. அதே ஆண்டு ஜூலையில் நியூயோர்க், புரூக்லினில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் அவர் மோசடிச் சதிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 1954இல் ஜாக் மொலினாஸ் என்ற வீரர் நீக்கப்பட்ட பிறகு, பந்தயக் குற்றத்துக்காக இந்த லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முதல் வீரர் இவரே. தடை நியாயமானது. ஆனால் தடை மட்டும் போதாது.

போர்ட்டர் செய்தது அணியைத் தோற்கடிக்கும் சதி அல்ல. அவர் ஆட்டத்திலிருந்து பாதியில் விலகினார். 2024 ஜனவரி 26 ஆட்டத்தில் நான்கு நிமிடங்கள் ஆடிவிட்டுக் கண் காயத்தைக் காரணம் காட்டி வெளியேறினார். மார்ச் 20 அன்று மூன்று நிமிடங்கள்கூட ஆடாமல் உடல்நலக் குறைவு என்றார். அவர் குறிப்பிட்ட புள்ளிகளை எட்டமாட்டார் என்று, விடயம் தெரிந்தவர்கள் முன்பே பணம் கட்டியிருந்தார்கள். மார்ச் ஆட்டத்தில் 80,000 டொலர் கட்டப்பட்ட ஒரு பந்தயம் 11 இலட்சம் டொலரை ஈட்டவிருந்தது. சந்தேகம் எழுந்து அது முடக்கப்பட்டதால் பணம் கைமாறவில்லை.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஓர் ஆட்டத்தின் முடிவை மாற்றப் பலரின் உடன்பாடு தேவை. ஒரு வீரரின் புள்ளிக் கணக்கைக் குறைக்க அந்த ஒருவர் போதும். வயிற்றுவலி என்று அவர் சொன்னால் மறுக்க எவராலும் இயலாது. தனி வீரர் சோபிக்கமாட்டார் என்று பணம் கட்ட இடமளிக்கும் பந்தயம், மோசடிக்குத் திறந்துவைத்த கதவு.

அந்தக் கதவை நோக்கித் தள்ளப்படுபவர் யார் என்பதும் முக்கியம். முழங்கால் தசைநார் கிழிந்து 2018இலும் 2019இலும் போர்ட்டரின் ஆட்டம் தடைப்பட்டது. 2023 டிசம்பரில் ராப்டர்ஸ் அணி அவரை இருவழி ஒப்பந்தத்தில் சேர்த்தது. முதன்மை லீக்குக்கும் வளர்ச்சி லீக்குக்கும் இடையே வீரரை மாற்றி மாற்றி ஆடவைக்கும் ஒப்பந்தம் அது. அதன் ஊதியம் புதுமுக வீரரின் குறைந்தபட்ச ஊதியத்தில் பாதி. சூதாட்டக் கடனில் மூழ்கியிருந்த அவருக்கு, ஆட்டத்திலிருந்து விலகிக் கடனைத் தீர்க்கும் வழியைக் கடன் கொடுத்தவர்களே காட்டினார்கள். இது அவருடைய குற்றத்துக்கு மன்னிப்பாகாது. குற்றம் விளைந்த நிலத்தை இது காட்டுகிறது.

அந்த நிலத்தைப் பண்படுத்தியவர்கள் வேறு பலர். 2018 மே மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு விளையாட்டுப் பந்தயத்துக்கு மாநிலங்களின் வாசலைத் திறந்தது. 2021 ஓகஸ்டில் கனடா தனி ஆட்டப் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கியது. 2022 ஏப்ரலில் ஒன்ராறியோ தனியார் இணையப் பந்தய நிறுவனங்களை அனுமதித்தது. லீக்குகள் அந்த நிறுவனங்களுடன் வணிக ஒப்பந்தம் செய்துகொண்டன. பந்தயத்தில் வருவாய் பார்க்கும் அமைப்பு, பந்தயத்தின் கேட்டைத் தனி வீரரின் ஒழுக்கக்கேடாக மட்டும் காண்பது முறையல்ல.

ஒன்ராறியோவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது தொலைவான செய்தி அல்ல. நம் பிள்ளைகள் ராப்டர்ஸ் ஆட்டங்களைப் பார்த்து வளர்கிறார்கள். ஆட்டம் ஓடும் அதே திரையில் பந்தய விளம்பரமும் ஓடுகிறது. விளம்பரங்களில் விளையாட்டு வீரர்கள் தோன்றுவதை 2024 பெப்ரவரி முதல் ஒன்ராறியோ கட்டுப்படுத்தியது. அது நல்ல தொடக்கம். தொடக்கம் மட்டும் போதாது.

இருவழி ஒப்பந்த வீரர்களும் பத்து நாள் ஒப்பந்த வீரர்களும் புள்ளிகளை எட்டமாட்டார்கள் என்று கட்டும் பந்தயங்களை, 2024-25 பருவத்திலிருந்து லீக்கின் கூட்டாளிகளான அமெரிக்கப் பந்தய நிறுவனங்கள் கைவிட்டன. இது பாதி வேலை. முழு ஒப்பந்தம் பெற்ற வீரருக்கும் கடன் வரலாம், மிரட்டல் வரலாம். நிறுவனங்கள் உடன்பட்டு விலக்கிய ஒன்றை, அவை விரும்பினால் மீண்டும் கொண்டுவரலாம். உடன்பாடு போதாது. விதி வேண்டும்.

ஆகவே பொறுப்பு தெளிவாகப் பகிரப்பட வேண்டும். எந்த வீரரும் சோபிக்கமாட்டார் என்று பணம் கட்டும் பந்தயத்தை ஒழுங்குமுறை அமைப்புகள் முற்றாக விலக்க வேண்டும். அத்தகைய பந்தயத்தை வழங்கும் எந்த நிறுவனத்துடனும் லீக்குகள் வணிக உறவு வைக்கக்கூடாது. கடனில் சிக்கிய வீரர் தண்டனைக்கு அஞ்சாமல் உதவி கேட்கும் வழியை அணி நிர்வாகங்களும் வீரர் சங்கங்களும் அமைக்க வேண்டும். ஐயத்துக்குரிய பந்தயங்கள் பற்றிய தகவலை நிறுவனங்கள் ஒழுங்குமுறை அமைப்புகளிடம் தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும்.

ஒரு வீரரின் வாழ்வு முடக்கப்பட்டுவிட்டது. அவரை முடக்கிய பந்தய முறை முடக்கப்படவில்லை. அடுத்த வீரரைத் தடைசெய்யும் நாளுக்குக் காத்திராமல், அந்தப் பந்தயத்தை இப்போதே தடைசெய்ய வேண்டும்.