வானலை யாருடைய சொத்து?

குளத்து நீர் வட்டவிதானையாரின் சொத்தல்ல. துருசின் திறப்பு அவர் கையில் இருக்கலாம். எந்த நாளில் எந்த வாய்க்காலுக்கு நீர் விடுவது என்பதை அவர் ஒழுங்கு செய்யலாம். ஆனால் தமக்கு வேண்டியவர்களின் வயல்களுக்கு மட்டும் பாய்ச்சிவிட்டு, கடைசி வாய்க்கால்காரரைக் காயவிட்டால், கமக்காரர் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்பதற்கு எவருக்கும் உரிமை உண்டு. கமம் செய்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வானலையும் அத்தகையதே. ஓர் இடத்தில் ஓர் அலைவரிசையில் ஒருவரே ஒளிபரப்ப முடியும். எனவே அரசு ஒருவரைத் தெரிந்து அவருக்கு அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. அவர் விளம்பரங்கள் மூலம் பணம் உழைக்கலாம். அதனால் அலை அவருடையதாகி விடுமா? அதைப் பார்த்துக் கொண்டிருக்கும் மக்களுக்கு அதில் ஏதும் உரிமை உண்டா? அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத் தலைநகரான ஜக்சனில் இயங்கிய ஒரு வர்த்தகத் தொலைக்காட்சி நிலையத்தின் வரலாறு இக்கேள்விக்கு விடை தருகிறது. இடம்பெயர்ந்து, தம்மைப் பற்றிப் பிறர் பேசுவதையே கேட்டுக் கொண்டிருக்க நேர்ந்த எமது வாசகர்கள் இவ்வரலாற்றை அறிந்திருப்பது நல்லது.

டபிள்யூ.எல்.பி.ரி. என்னும் அந்நிலையம் 1953இல் ஒளிபரப்பை ஆரம்பித்தது. ஒரு காப்புறுதிக் கம்பனியே அதன் சொந்தக்காரர். நாடகங்கள், களியாட்ட நிகழ்ச்சிகள், தேசியச் செய்திகள் என்பன என்.பி.சி. வலையமைப்பிலிருந்து வந்தன. உள்ளூர்ச் செய்தியையும் கருத்துரைகளையும் நிலையமே தயாரித்தது. அதன் ஒளிபரப்பு எல்லைக்குள் வாழ்ந்தவர்களில் ஏறத்தாழ 45 சதவீதமானோர் கறுப்பின மக்கள். அம்மாநிலத்தில் இவர்களிற் பலர் பிறர் நிலத்தில் பருத்தி பயிரிட்டுப் பங்கு பெற்ற ஏழைக் கமக்காரர்கள். வாக்காளராகப் பதியப் போனதற்காகத் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களும் இருந்தன. பன்னி லூ ஹேமர் என்ற பெண்மணி 1962இல் தாம் பதினெட்டு ஆண்டுகள் உழைத்த தோட்டத்தை விட்டு அவ்வாறே துரத்தப்பட்டார்.

இம்மக்களின் குரல் அத்திரையில் ஒலிக்கவில்லை. நிலையத்தின் முகாமையாளர், இனவொதுக்கலைக் காப்பதற்கென அமைந்த வெள்ளையர் சபையைச் சேர்ந்தவர். 1955இல் கறுப்பின மக்களின் சட்டத்தரணி ஒருவர் தேசிய நிகழ்ச்சியொன்றில் பேசத் தொடங்கியதும், ஒளிபரப்பு வேண்டுமென்றே துண்டிக்கப்பட்டு, கம்பித் தொடர்பில் கோளாறு என்ற அறிவிப்புத் திரையில் காட்டப்பட்டதாக முறைப்பாடு எழுந்தது. 1957இல் இனவொதுக்கல் நீடிக்க வேண்டும் என வற்புறுத்தும் நிகழ்ச்சியைக் காட்டிவிட்டு மறுதரப்புக்கு இடம் மறுத்ததாக இன்னொரு முறைப்பாடு வந்தது. கறுப்பினத்தவரைக் குறிப்பிடும்போது திரு., திருமதி என்ற அடைமொழிகளைச் சேர்ப்பதில்லை என்பதும் மக்களின் மனக்குறைகளில் ஒன்று. இதைச் சிறு விடயமென்று எவரும் தள்ளிவிடலாகாது. 'வாருங்கள்' என்பதற்கும் 'வா' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை, பிறர் வாசலில் நின்று பழகியவர்கள் நன்கறிவர்.

1963 மே 20ஆம் திகதி ஒரு கதவு சற்றுத் திறந்தது. நகர முதல்வரின் தொலைக்காட்சி உரைக்குப் பதிலளிக்க, கறுப்பின மக்களின் தலைவர்களில் ஒருவரான மெட்கர் எவேர்ஸ் என்பவருக்கு 17 நிமிடங்கள் வழங்கப்பட்டன. ஆபிரிக்காவின் கொங்கோவில் ஒரு கறுப்பினத்தவர் புகையிரதம் ஓட்டலாம், ஜக்சனிலோ அவர் குப்பை வண்டியைக்கூட ஓட்ட முடியாது என்று அவர் எடுத்துரைத்தார். அவரது முகத்தை மாநிலம் முழுவதும் கண்டது. யூன் 12ஆம் திகதி அதிகாலையில், தம் வீட்டு வாசலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பேசும் உரிமைக்கு அங்கே அவ்வளவு விலை இருந்தது.

அடுத்த ஆண்டில் வேறொரு வழி பரீட்சிக்கப்பட்டது. கிறிஸ்துவின் ஐக்கிய திருச்சபை என்ற புரட்டஸ்தாந்து சபையின் தொடர்புசாதன அலுவலகத்துக்குப் பொறுப்பாயிருந்த போதகர் எவரற் பார்க்கர், தொண்டர்கள் சிலரைப் பயிற்றுவித்தார். 1964 மார்ச் மாதத்தில் ஒரு வாரம் முழுவதும் அவர்கள் தொலைக்காட்சி முன் அமர்ந்து, எந்த நேரத்தில் என்ன காட்டப்பட்டது, யார் பேசினார், யாரைப் பற்றி எவ்வாறு பேசப்பட்டது என்பவற்றை எழுதினார்கள். அத்தொண்டர்கள் உள்ளூர் வெள்ளையர். அவர்களின் பாதுகாப்புக் கருதிப் பெயர்கள் வெளியிடப்படவில்லை.

அந்தக் குறிப்புகளை ஆதாரமாகக் கொண்டு, நிலையத்தின் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கக் கூடாதென மத்திய தொடர்பு ஆணைக்குழுவுக்கு மனுச் செய்யப்பட்டது. சபை தனித்து ஒப்பமிடவில்லை. மருந்துக்கடை நடத்திய ஆரன் ஹென்றியும், ஜக்சனில் போதகராகவும் பலசரக்குக் கடைக்காரராகவும் இருந்த றொபேட் சிமித்தும் ஒப்பமிட்டனர். பாதிக்கப்பட்ட மக்களே மனுதாரர். சபை அவர்களுக்குத் துணை நின்றது. அபிவிருத்திப் பணியிலுள்ள நாம் இந்த ஒழுங்கைக் கவனித்தல் வேண்டும். மக்களுக்காகப் பேசுகிறோம் என்று சொல்லி அவர்களின் இடத்தில் நாமே அமர்ந்துவிடும் ஆபத்து எங்களுக்கு எப்போதும் உண்டு.

ஆணைக்குழு அளித்த பதில் விசித்திரமானது. அதுவரை இருந்த வழக்கப்படி, பணநட்டம் அடைந்த போட்டி நிலையமோ, அலைவரிசையில் குறுக்கீடு ஏற்பட்ட நிலையமோதான் அனுமதிப்பத்திரத்தை எதிர்த்து வாதாடலாம். பார்வையாளருக்கு அந்தத் தகுதியில்லை. 1965இல் சில நிபந்தனைகளோடு ஓராண்டுக்கு அனுமதி புதுப்பிக்கப்பட்டது. நீர் கிடைக்காதவன் நீரைப் பற்றிக் கேட்கக் கூடாது, இன்னொரு துருசு வைத்திருப்பவன்தான் கேட்கலாம் என்பது போன்றது இத்தீர்மானம்.

மனுதாரர் மேன்முறையீடு செய்தனர். 1966 மார்ச்சில் நீதிபதி வொறன் பேர்கர் தீர்ப்பளித்தார். ஒளிபரப்பாளர் பொதுமக்களின் சொத்தில் மட்டுப்பட்ட, பெறுமதிமிக்க ஒரு பகுதியை இலவசமாகப் பெறுகிறார். அதனோடு கடமைகளையும் ஏற்கிறார். ஆகவே பார்வையாளரின் பொறுப்புள்ள பிரதிநிதிகளுக்கு வழக்காடும் உரிமை உண்டு என்பது தீர்ப்பின் சாரம். ஆணைக்குழு மீண்டும் விசாரித்தது. 1968இல் மீண்டும் நிலையத்துக்கே அனுமதி வழங்கியது. மக்கள் மீண்டும் நீதிமன்றம் சென்றனர். பேர்கர் 1969 யூன் 20ஆம் திகதி அந்த அனுமதியை இரத்துச் செய்தார். பொதுநலனுக்காக வந்த மனுதாரரை உதவியாளராக ஏற்காமல் எதிராளிகள் போல நடத்தி, நிரூபிக்கும் சுமையை அவர்கள் தலையில் வைத்ததை அவர் கடுமையாகக் கண்டித்தார். மூன்று நாட்களின் பின் அவர் அந்நாட்டின் பிரதம நீதியரசராகப் பதவியேற்றார்.

1971 யூனில் இலாப நோக்கற்ற ஓர் அமைப்பு நிலையத்தைத் தற்காலிகமாகப் பொறுப்பேற்றது. 1972இல் வில்லியம் டில்டே என்ற கறுப்பினத்தவர் அதன் பொது முகாமையாளரானார். தேசிய வலையமைப்போடு இணைந்த தொலைக்காட்சி நிலையமொன்றில் அப்பதவியை வகித்த முதற் கறுப்பினத்தவர் அவரே எனக் கூறப்படுகிறது. பின்னர் நிரந்தர அனுமதியைப் பெற்ற கம்பனிக்கு, பழைய மனுதாரரான ஆரன் ஹென்றி தலைவராக இருந்தார்.

இத்துடன் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது உண்மையாகாது. இரு தரப்புக் கருத்துக்கும் நியாயமான இடமளிக்க வேண்டுமென்ற அமெரிக்க விதியை அதே ஆணைக்குழு 1987இல் கைவிட்டது. ஜக்சன் நிலையமும் 2000இன் பின் பெரிய கம்பனிகளிடையே கைமாறி, 2019இல் பல நகரங்களில் நிலையங்களை நடத்தும் கிறே என்ற நிறுவனத்தைச் சென்றடைந்தது. பணபலம் எப்போதும் துருசருகே காத்து நிற்கும். ஆனால் பார்வையாளருக்கும் வழக்காடும் உரிமை உண்டு என்ற 1966ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வழியே பின்னர் வேறு பல நகரங்களின் மக்களும் தம் நிலையங்களைக் கேள்வி கேட்டனர்.

பிடிக்காவிட்டால் தொலைக்காட்சியை நிறுத்திவிடலாமே என்று சிலர் கூறுவர். ஜக்சன் மக்கள் நிறுத்தியிருந்தால் நிலையத்துக்கு ஒரு குறையும் வந்திராது. மாநிலத்தின் மற்றவர்கள் அவர்களைப் பற்றித் தொடர்ந்தும் பொய்யையே கேட்டிருப்பர். விலகிப் போவதால் அநீதி தேய்வதில்லை.

அவர்களிடம் பணமோ பதவியோ இருக்கவில்லை. வாக்குரிமைகூடப் பலருக்கு இல்லை. திகதியும் நேரமும் சொன்ன சொல்லும் குறித்த ஒரு வாரத்துக் கையெழுத்துக் குறிப்புகளும், தம் சொந்தப் பெயரில் ஒப்பமிடத் துணிந்த சிலரும், ஐந்தாண்டுகள் சலிக்காத பொறுமையும் இருந்தன. மனக்குறை எல்லோரிடமும் உண்டு. ஆனால் காற்றோடு போகும் மனக்குறைக்கு எந்த அலுவலகமும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நிவாரணமோ, காணி உறுதியோ, எம்மைப் பற்றி வெளியான தவறான செய்தியோ, எதுவாயினும் அன்றன்றே எழுதி வையுங்கள். தனியே போகாமல் நாலைந்து குடும்பங்களாகச் சேர்ந்து ஒப்பமிடுங்கள். கொடுத்த மனுவின் பிரதியொன்றைக் கையில் வைத்திருங்கள். முதல் தடவை இல்லையென்று பதில் வந்தால், அதற்கு மேலே யாரிடம் முறையிடலாம் என்று விசாரித்து அங்கும் செல்லுங்கள்.