பயிற்சியா, மலிவுக் கூலியா?

அப்ரண்டிஸ் சட்டம் 1961-ஆம் ஆண்டு நிறைவேறியது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், அந்தச் சட்டத்தின் பெயரால் ஆலைக்குள் நுழையும் இளைஞன் யார் என்ற கேள்விக்கு நேரான பதில் கிடைத்தபாடில்லை. அவன் மாணவனா, தொழிலாளியா? ஊதியம் கேட்டால், "நீ மாணவன்" என்கிறார்கள். உற்பத்தி குறைந்தால், "இயந்திரத்தின் முன் வந்து நில்" என்கிறார்கள். உரிமைக்கு மாணவன், உழைப்புக்குத் தொழிலாளி! இந்த இரட்டைக் கணக்கைத்தான் நாம் இன்று எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

பயிற்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதைத் தொழிலாளியைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஐ.டி.ஐ.யில் பிட்டர் படிப்பு முடித்து வந்தவன், ஓடுகிற ஆலையில் கை பழகினால்தான் முழுத் தொழிலாளி ஆவான். பேரிங் தேய்ந்திருப்பதை ஓசையிலேயே கண்டுகொள்ளும் காது, புத்தகத்தால் வருவதல்ல. ஆகவே பயிற்சி தேவை. அது பயிற்சியாகவே இருக்க வேண்டும் என்பதுதான் நமது வாதம்.

30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவிகிதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. 2016-இல் தொடங்கிய ஊக்குவிப்புத் திட்டத்தின்படி, உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1500 ரூபாய் வரை, மத்திய சர்க்காரே கொடுக்கிறது. அது மக்கள் வரிப்பணம். மக்கள் பணத்தில் நடக்கும் பயிற்சியின் பலன் என்ன என்று கேட்க மக்களுக்கு உரிமை இல்லையா?

சட்டத்தையே புரட்டிப் பார்ப்போம். பழகுநருக்குப் பீஸ் ரேட் முறையில் பணம் கொடுக்கக் கூடாது. உற்பத்தி போனஸ் திட்டத்தில் அவனைச் சேர்க்கக் கூடாது. பயிற்சி ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. ஒவ்வொருவரின் பயிற்சி முன்னேற்றத்துக்கும் பதிவேடு இருக்க வேண்டும். தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகள் அவனுக்கும் உண்டு. வேலையில் காயம்பட்டால் நஷ்டஈடும் உண்டு. இவ்வளவும் ஏட்டில் இருக்கின்றன. ஆனால் எங்கே ஒரு பழகுநன் ஆண்டு முழுவதும் ஒரே இயந்திரத்தில் ஒரே பொத்தானை அமுக்கிவிட்டு வெளியேறுகிறானோ, அங்கே நடந்தது பயிற்சி அல்ல, மலிவுக் கூலி!

சட்டத்திலும் பெரிய ஓட்டை இருக்கிறது. பழகுநர் தொழிலாளி அல்ல என்று அதன் 18-ஆம் பிரிவு சொல்கிறது. 2020-இல் நிறைவேறிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் தொழிலாளி என்ற வரையறைக்கு வெளியே அவனை நிறுத்துகிறது. பயிற்சி முடிந்தபின் வேலை கொடுப்பது பற்றி, ஒவ்வொரு முதலாளியும் தனக்கென ஒரு கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும் என்றது 2014-ஆம் ஆண்டுத் திருத்தம். வகுப்பவர் அவரே, "வேலை இல்லை" என்று எழுதிவைத்தாலும் அது கொள்கைதானே! மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால், வெளியாரைவிடப் பயிற்சி பெற்றவருக்கே முன்னுரிமை தர வேண்டும் என்று 1995-இல் சுப்ரீம் கோர்ட் கூறியது. ஆயினும் 2018 மார்ச்சில் பம்பாயில் மாட்டுங்கா அருகே ரயில்வேயில் பயிற்சி முடித்த இளைஞர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்களே, ஏன்? கற்ற தொழிலைச் செய்ய இடம் கேட்டுத்தான்.

"பயிற்சி கொடுத்தால் வேறு கம்பெனிக்கு ஓடிவிடுகிறான்" என்று சில முதலாளிகள் அலுத்துக்கொள்கிறார்கள். இருக்க இடம் கொடுக்காமல் விரட்டியது யார்? கற்பித்த செலவு ஒரு வாயிலில் வெளியேற, மறு வாயிலில் புதிய பழகுநன் நுழைகிறான். இதில் நிர்வாகத்துக்குத்தான் என்ன நிரந்தர லாபம்?

ஜெர்மனியைப் பாருங்கள். அதுவும் முதலாளித்துவ நாடுதான். அங்கே உலோகத் தொழில்கள் பலவற்றில் பழகுநர் காலம் மூன்றரை ஆண்டு. வாரத்தில் ஓரிரு நாள் பள்ளி, மற்ற நாள் பட்டறை. தேர்வுக் குழுவில் முதலாளிகளின் பிரதிநிதிகள் எத்தனை பேரோ, தொழிலாளர் பிரதிநிதிகளும் அத்தனை பேர். உடன் ஆசிரியரும் உண்டு. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு அது. தொழிலாளியின் குரல் அங்கே பயிற்சியைக் கெடுக்கவில்லை. அதற்கு மதிப்பைத் தேடித் தந்தது.

நாம் கேட்பது மூன்று. பயிற்சி முடித்தவருக்குக் காலியிடங்களில் முன்னுரிமை உறுதியாக வேண்டும். சொல்லிக் கொடுக்கும் தொழிலாளிக்கு அதற்கென்று நேரம் ஒதுக்கி, அந்த நேரத்தை உற்பத்திக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். பயிற்சியைக் கண்காணிக்கும் குழுவில் தொழிற்சங்கத்துக்கு இடம் வேண்டும்.

கேட்பதோடு நம் வேலை முடிந்துவிடாது, தோழர்களே! பழகுநனை நம் வேலையைப் பறிக்க வந்தவனாகப் பார்க்கும் பார்வை நம்மிலும் சிலருக்கு உண்டு. அதைக் களைந்தாக வேண்டும். தொழில் நுணுக்கத்தை ஒளித்துவைக்கும் மூத்த தொழிலாளி, தன்னை அறியாமலே முதலாளியின் கையைப் பலப்படுத்துகிறார். அரைகுறையாய்க் கற்றவனைத்தான் குறைந்த கூலிக்கு மிரட்டி வைத்துக்கொள்ள முடியும். தொழில் தெரிந்தவன் நிமிர்ந்து நிற்பான்.

ஒவ்வொரு ஆலையிலும் சங்கத் தோழர்கள் பழகுநர்களைத் தேடிச் சென்று பேசட்டும். ஒப்பந்தத்தை வாங்கிப் படிக்கட்டும். பயிற்சிக்குப் பின் இங்கேயே பணிபுரிய வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருந்தால், வேலை கொடுக்க முதலாளி சட்டப்படி கட்டுப்பட்டவர். பதிவேடு எங்கே என்று கேட்கட்டும். சட்டம் அந்த இளைஞனைத் தொழிலாளி அல்ல என்று சொல்லலாம். அவன் நம்மில் ஒருவன் என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்!