தலைக்கு மேல 'டமார்'!

போன வாரம் ஹாஸ்டல்ல நடுராத்திரி 'டமார்'! கட்டிலுக்கு மேல டபுள் சைடு டேப்பில் நான் ஒட்டியிருந்த அப்பா - அம்மா கல்யாண போட்டோ, கண்ணாடி ஃப்ரேமோட தலையணை மேல விழுந்து சுக்குநூறு. செமஸ்டர் புண்ணியத்துல மேஜையிலேயே தூங்கிட்டதால தப்பிச்சேன்.

காரணம் சிம்பிள் பாஸ். டேப் பிடிச்சிருந்தது சுவரை இல்ல, சுண்ணாம்பை! அது உதிர்ந்தா டேப்பும் கூடவே வந்துடும்.

அதுக்காக மொட்டைச் சுவரா விடணுமா? தலைக்கு மேல பேப்பர், துணி மட்டும் மாட்டுங்க. ஏற்கெனவே இருக்கிற ஆணிகள்ல கயிறு கட்டி, அம்மாவோட பழைய சுங்குடிச் சேலையைத் தொங்கவிட்டா ரூமே கலர்ஃபுல்! ஃப்ரேம் போடாத போட்டோக்களை கிளிப்ல மாட்டலாம். சீரியல் லைட்டா? எல்.ஈ.டி. ஓகே. ஆனா துணியில சுத்தாதீங்க, தூங்கறப்போ ஆஃப்!

அப்பாவும் அம்மாவும்? இப்போ கண்ணாடி இல்லாம, கால்மாட்டுச் சுவர்ல ஜம்முனு சிரிக்கிறாங்க.