மூணு நாள் கடைக்கு முழு வருஷ உரிமக் கட்டணமா?



மதுரை தமுக்கம் மைதானத்தை அறியாதவர் இல்லை. சித்திரைப் பொருட்காட்சியும் புத்தகத் திருவிழாவும் நடந்த இடம். மாநகராட்சிக்குச் சொந்தமானது. இப்போ அங்கே மாநாட்டு மையமும் வந்தாச்சு. இதே மாதிரி ஒவ்வொரு ஊர்லயும் மாநகராட்சிக்கு ஒரு மைதானமோ, கலையரங்கமோ, சமுதாயக்கூடமோ இருக்கு. எல்லாம் நம்ம வரிப்பணத்துல எழும்பினது.

அப்படி ஒரு இடத்துல கண்காட்சி நடக்குது. மூணு நாளைக்கு ஒரு அக்கா பருத்திப்பால் கடை போடுறாங்க. பக்கத்துல மகளிர் சுய உதவிக் குழுவோட ஊறுகாய் கடை. இவங்ககிட்ட "தொழில் உரிமக் கட்டணம்"னு எவ்வளவு வாங்கறது நியாயம்? பார்க்க சின்ன கேள்வி. ஆனா ஒரு குடும்பத்தோட மூணு நாள் உழைப்பு இதுல இருக்கு.

முதல்ல பணம் எப்படிப் போகுதுன்னு பாருங்க. நிகழ்ச்சி நடத்துறவர் மாநகராட்சிக்கு இட வாடகையும், அதுக்கு ஜிஎஸ்டியும், முன்வைப்புத் தொகையும் கட்டுறார். தற்காலிக மின் இணைப்பு, தீயணைப்புத் துறை, போலீஸ் அனுமதின்னு தனித்தனியா அலையறார். இந்தச் செலவு எல்லாத்தையும் கடைகளுக்குப் பிரிச்சுப் போட்டு வாடகையா வசூல் பண்றார். அதாவது கடைக்காரர் கொடுக்கிற வாடகைக்குள்ளேயே மாநகராட்சியோட பங்கு இருக்கு. அதுக்கு மேல உரிமக் கட்டணமும் எந்த மாநகராட்சி கேட்டாலும், ஒரே இடத்துக்கு ஒரே உரிமையாளர் ரெண்டு தடவை கை நீட்டுறதா தான் அர்த்தம்.

இப்போ ஒரு உதாரணக் கணக்கு. உரிமக் கட்டணம் வருஷத்துக்கு 1,000 ரூபாய்னு வைங்க. பஜார்ல நிரந்தரக் கடை வச்சிருக்கிறவர் வருஷம் 300 நாள் வியாபாரம் பண்றார்னா, அவருக்கு ஒரு நாள் சுமை சுமார் 3 ரூபாய் 33 காசு. அதே 1,000 ரூபாயை மூணு நாள் கடை போடுறவர் கட்டினா ஒரு நாளைக்கு 333 ரூபாய். நூறு மடங்கு! காகிதத்துல ரெண்டு பேருக்கும் ஒரே கட்டணம். வருமானம் கம்மியா இருக்கிறவருக்குத் தான் சுமை நூறு மடங்கு.

இதே உள்ளாட்சி வாங்குற தொழில் வரியில இந்த அநியாயம் இல்லை. அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய் தாண்டலைனா தமிழ்நாட்டுல தொழில் வரியே கிடையாது. எவ்வளவு சம்பாதிச்சாலும் வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல வாங்கக்கூடாதுன்னு அரசியலமைப்புச் சட்டத்தோட 276-வது பிரிவு கடிவாளம் போட்டிருக்கு. வரிக்கே கீழே ஒரு விலக்கு, மேல ஒரு வரம்பு இருக்கும்போது, உரிமக் கட்டணத்துக்கு மட்டும் அந்த இரக்கம் ஏன் இருக்கக்கூடாது?

"கோர்ட்டுக்குப் போனா நியாயம் கிடைக்குமே"ன்னு சிலர் கேட்கலாம். அந்த வரலாற்றையும் பார்ப்போம். வரி வேற, கட்டணம் வேற. கட்டணம் வாங்கினா அதுக்கு ஈடா சேவை இருக்கணும்னு 1954-ல உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னை மாகாண அறநிலையத் துறைக்கும் சிரூர் மடத்துக்கும் நடந்த வழக்கு அது. ஆனா பத்து வருஷம் கழிச்சு வேற மாதிரி ஒரு தீர்ப்பு வந்தது. கல்கத்தாவுல லிபர்ட்டி சினிமா தியேட்டர் வருஷத்துக்கு 400 ரூபாய் உரிமக் கட்டணம் கட்டிக்கிட்டு இருந்தது. மாநகராட்சி "ஒரு காட்சிக்கு இவ்வளவு"ன்னு முறையை மாத்தினதும் அது 6,000 ரூபாய் ஆயிடுச்சு. உயர் நீதிமன்றம் செல்லாதுன்னு சொன்னது. 1964-ல உச்ச நீதிமன்றத்துல அஞ்சு நீதிபதிகள்ல மூணு பேர், "பேர் தான் கட்டணம், உண்மையில இது வரி, சட்டம் அதுக்கு இடம் கொடுக்குது"ன்னு சொல்லி மாநகராட்சி பக்கம் தீர்ப்பு கொடுத்தாங்க. முறைப்படுத்துறதுக்காக வாங்குற உரிமக் கட்டணத்துக்கு ரூபாய்க்கு ரூபாய் சேவைக் கணக்கு காட்ட வேண்டியதில்லைன்னு பின்னாடி தீர்ப்புகளும் வந்திருக்கு.

இதுல நமக்கு ஒரு பாடம் இருக்கு. பருத்திப்பால் விக்கிற அக்கா உச்ச நீதிமன்றம் வரைக்கும் போக முடியாது. போனாலும் ஜெயிப்பாங்கன்னு உறுதி இல்லை. கட்டணத்தை நிர்ணயிக்கிற தீர்மானம் மாமன்றத்துல தான் வருது. அதனால நாம கேட்க வேண்டிய இடமும் அது தான்.

மாநகராட்சி பக்கத்து நியாயத்தையும் ஒதுக்கிடக் கூடாது. கண்காட்சி முடிஞ்ச மறுநாள் காலையில தமுக்கத்துல குவியிற குப்பையை அள்ளுறது தூய்மைப் பணியாளர்கள். கழிப்பறை, தண்ணி, விளக்கு எல்லாத்துக்கும் செலவு இருக்கு. அதைக் கடை போடாத மக்கள் தலையில கட்டுறதும் சரியில்லை. ஆனா அந்தச் செலவை இடத்தை மொத்தமா எடுக்கிற ஏற்பாட்டாளர்கிட்ட, துப்புரவுக் கட்டணம்னு பேர் சொல்லி, கணக்கு காட்டி வாங்கலாமே! ஆயிரக்கணக்குல டிக்கெட் விக்கிற இசை நிகழ்ச்சிக்கும் ஊறுகாய் கடைக்கும் ஒரே அளவுகோல் எப்படிப் பொருந்தும்?

நம்ம கோரிக்கைகள்:

1. மாநகராட்சி இடத்துல நடக்கிற நிகழ்ச்சிகள்ல கடை போடுறவங்களுக்கு நாள் கணக்குல மட்டும் கட்டணம். வருஷ உரிமம் கேட்கக் கூடாது.

2. விற்பனைச் சான்றிதழ் வச்சிருக்கிற சாலையோர வியாபாரிகளுக்கும் சுய உதவிக் குழுக்களுக்கும் முழு விலக்கு.

3. எல்லா அனுமதிக்கும் ஒரே விண்ணப்பம், ஒரே ரசீது. கட்டணப் பட்டியல் மைதான வாசல்ல தமிழ்ல பெரிய எழுத்துல இருக்கணும்.

4. வசூலைக் குத்தகைக்கு விடக் கூடாது. பணம் நேரா மாநகராட்சிக் கணக்குக்குப் போகணும். ரசீது இல்லாம ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது.

5. கட்டணம் மாத்துறதுக்கு முன்னாடி நகர விற்பனைக் குழுவைக் கேட்கணும். 2014 சாலையோர வியாபாரிகள் சட்டப்படி அந்தக் குழுவுல குறைஞ்சது 40 சதவீதம் வியாபாரிகளோட பிரதிநிதிகள் இருக்கணும். அதுல மூணுல ஒரு பங்கு பெண்கள்.

நண்பர்களே, லைக் போட்டுட்டு நகர்ந்துடாதீங்க. உங்க ஊர் மாநகராட்சிக்கு ஒரு தகவல் உரிமை மனு போடுங்க. கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள்ள பதில் தரணும். மூணே கேள்வி போதும்: நம்ம மைதானத்துல கடை போடுறவங்ககிட்ட என்னென்ன கட்டணம் வாங்கறீங்க? எந்தத் தீர்மானப்படி? போன வருஷம் எவ்வளவு வசூல், அதுல அந்த இடத்துக்கு எவ்வளவு செலவு?

வர்ற பதிலை உங்க வார்டு நிர்வாகிகிட்ட கொடுங்க. அடுத்த ஏரியா சபையில, வார்டு கமிட்டியில அதைக் கையில வச்சுக்கிட்டு எழுந்து நின்னு கேளுங்க. நம்ம கவுன்சிலர்கள் மாமன்றத்துல பேசுறதுக்கு ஆவேசத்தை விட இந்தக் காகிதம் தான் பலம்.

பகிருங்கள். கடை போடுற உங்க தெரு வியாபாரிக்கும் அனுப்புங்கள்.

#மூணுநாள்கடை #சிறுவியாபாரிகள்பக்கம் #நம்மமைதானம்