சுவர் வியர்க்கும் வீடு

நோன்புப் பெருநாளுக்கெனப் புதிதாக வண்ணம் பூசிய சுவர், ஐப்பசி மழை தொடங்கியதும் அதே மூலையில் மீண்டும் கறுத்துப் போகிறதா, சகோதரி? மடித்து வைத்த முஸல்லாவிலும் புழுங்கிய வாடை ஏறிவிட்டதா? அப்படியானால் குறை வண்ணத்தில் இல்லை, ஈரத்தில் இருக்கிறது.

ஒரகடத்தில் என் தங்கை மகள் குடியிருக்கிறாள். கார்த் தொழிற்சாலைகள் வந்தபின் அவ்வட்டாரத்தில் வரிசை வரிசையாக வாடகை வீடுகள் எழும்பிவிட்டன. அவளுடையதும் அத்தகையதே: ஓர் அறை, சிறு சமையலறை, ஒரே சன்னல். கணவர் இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குவதால் சன்னல் மூடியே கிடக்கும். அதற்குள்ளேயே சோறு வடிக்கிறாள். மழை நாளில் துணியும் அங்கேயே காய்கிறது. "ஈரம் வந்துவிடுமென்றுதான் திறப்பதில்லை, பெரியம்மா" என்றாள். குழந்தைக்கோ மழைக்காலம் முழுவதும் இளைப்பு. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுத் தொல்லைகளும் மிகுதியென உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்துள்ளது.

30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதுவே 20 பாகைக்குக் குளிர்ந்தால் 17 கிராம்தான். மிச்சம் நீராகிக் குளிர்ந்த பரப்பில் படியும். ஏசி அறையின் கதவைத் திறந்து போட்டால் கண்ணாடியும் சுவரும் வியர்ப்பது இதனால்தான். சுவரோடு ஒட்டி நிற்கும் பீரோவின் பின்புறம் காற்றே ஓடாது. அங்கே படிந்த ஈரம் காய்வதில்லை. பூசணத்திற்கு அது போதும்.

ஆனால் எல்லா ஈரமும் காற்றிலிருந்து வருவதன்று. சமையலறை அலுமினியத் தாளில் ஒரு முழம் எடுத்து, நான்கு ஓரமும் நாடாவால் அடைத்துச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் அறைப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் காற்றினுடையது. சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் சுவரே ஓதம் உறிஞ்சுகிறது. அவள் வீட்டில் இரண்டும் இருந்தன. பீரோவின் பின்னால் காற்றின் ஈரம். தரையை ஒட்டிய அடிச்சுவரில் மண்ணின் ஓதம்.

முதலாவதற்குச் செலவே இல்லை. பீரோவை ஒரு சாண் தள்ளி வைத்தோம். கணவர் பணிக்குப் புறப்பட்டதும், மழை ஓய்ந்த வேளையாகப் பார்த்துச் சன்னலையும் வாசற்கதவையும் எதிரெதிரே திறந்து விடச் சொன்னேன். மழை கொட்டும்போது வெளிக்காற்றும் ஈரம்தான். எனினும் சமைக்கும் நேரத்தில் ஆவி வெளியேற வழி வேண்டும். பானைக்கு மூடி போடுங்கள். துணி உள்ளேதான் காய வேண்டுமென்றால் மின்விசிறியைச் சுழலவிட்டு, சன்னலையும் சற்றுத் திறந்து வையுங்கள்.

பூசணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். அதன் நுண்துகள் வீடெங்கும் பரவும். இளைப்புள்ள குழந்தையை வெளியே அனுப்பிவிட்டு, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, சோப்பு நீரில் நனைத்த துணியால் தேய்த்துக் கழுவி உலர விடுங்கள். பிளீச்சிங் பவுடரைக் கழிவறை ஆசிட்டோடு ஒருபோதும் கலக்கக் கூடாது. எழும் குளோரின் வாயு நுரையீரலைப் பாழாக்கும்.

அடிச்சுவர் ஓதம் நம் கையில் தீராது. அதன்மேல் பிளாஸ்டிக் வண்ணம் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, அடுத்த மழையில் சுவர் உப்பி உதிரும். நம் பாட்டிமார் அடித்த சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். அதன் காரத்தன்மையில் பூசணம் எளிதில் பிடிக்காது. எனக்கென்னவோ இன்றைய பளபளப்பைவிட அதுவே மேலாகத் தோன்றுகிறது. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாதவரை, கட்டடத்தின் அடிப்படைப் பழுதுகளைச் சீர்செய்வது உரிமையாளரின் பொறுப்பு. இதை அறியாத அவள், காலி செய்யும்போது அட்வான்சில் பிடித்துவிடுவார்களோ என்று அஞ்சிக் கறையைக் காலண்டரால் மறைத்து வைத்திருந்தாள்! காலண்டரை எடுத்துவிட்டு வீட்டுக்காரரை அழைத்துக் காட்டினோம். கோடையில் கொத்தனாரை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை அச்சுவரில் வண்ணம் வேண்டாமென்று சொல்லி வந்திருக்கிறேன்.