பத்திரிகை மூலையில் ஒரு கறுப்புக் கட்டம்

கல்யாணப் பத்திரிகை, பள்ளி ஆண்டு விழா நோட்டீஸ், தெருமுனை கச்சேரி பேனர் என்று எதை எடுத்தாலும் இப்போது ஒரு மூலையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சதுரம் உட்கார்ந்திருக்கிறது. க்யூ.ஆர். கோட். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, வீட்டு விசேஷத்திற்கு நாமே பத்திரிகை டிசைன் செய்யலாமே என்று இறங்குபவர்களும் முதலில் சேர்க்க விரும்புவது இதைத்தான். தாராளமாகச் சேருங்கள். ஆனால் பத்தில் ஏழெட்டு பத்திரிகைகளில் அது அலங்காரமாகத்தான் இருக்கிறது, வேலை செய்வதற்காக வைத்ததாகத் தெரியவில்லை என்பது என் எண்ணம். ஆயிரம் பிரதி அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்த பிறகு அதைத் திருத்த முடியாது. எனவே அச்சகத்திற்குப் போகுமுன் கொஞ்சம் யோசிப்பது நல்லது.

முதலில் அந்தச் சதுரத்திற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். 1994ல் ஜப்பானில் டென்சோ நிறுவனத்தில் மாசாஹிரோ ஹாராவின் குழு இதை உருவாக்கியது. கார் உதிரி பாகங்களைக் கணக்கு வைக்க சாதாரண பார்கோட் போதவில்லை. ஒரு பார்கோடில் இருபது எழுத்து அளவுக்குத்தான் அடங்கும் என்பதால் ஒரே பெட்டியில் பல பார்கோட்களை ஒட்டி, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது. க்யூ.ஆர். கோடில் அகலம், உயரம் இரண்டு பக்கமும் தகவல் இருக்கும். மூன்று மூலைகளில் உள்ள பெரிய சதுரங்கள், கோட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கேமராவுக்குச் சொல்கின்றன. அந்த நிறுவனம் காப்புரிமையை வைத்துக் கொண்டு யாரிடமும் கட்டணம் கேட்கவில்லை. ஆகவே ஒரு க்யூ.ஆர். கோட் உருவாக்க யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தக் கோடில் சிறியது 21க்கு 21 கட்டங்கள், பெரியது 177க்கு 177. உள்ளே போடும் விஷயம் கூடக் கூட கட்டங்கள் பெருகும். அதே அளவு இடத்தில் அச்சடித்தால் புள்ளிகள் பொடியாகிவிடும். தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. யூனிகோட் முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுத்துக் கொள்கிறது. கொம்பு, புள்ளி, சங்கிலிக் கொம்பு எல்லாம் தனித்தனிக் கணக்கு. "சென்னை" என்று தமிழில் எழுதினால் 18 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் 7 பைட். மாப்பிள்ளை, பெண், தாத்தா, பாட்டி, மண்டபம், முகூர்த்த நேரம் என்று முழுப் பத்திரிகையையும் தமிழில் கோடுக்குள் திணித்தால் அது எறும்புப் புற்று மாதிரி ஆகிவிடும். பழைய போன் கேமரா அதைப் பார்த்துத் திணறும். கோடுக்குள் ஒரு சிறிய இணைய முகவரி மட்டும் இருக்கட்டும். மற்றதெல்லாம் அந்த முகவரியில் உள்ள பக்கத்தில் இருக்கட்டும்.

சரி, இதை எங்கே உருவாக்குவது? கூகுளில் தேடினால் "இலவசம்" என்று நூறு இணைய தளங்கள் வந்து நிற்கும். இங்குதான் நான் கொஞ்சம் கோபமாகப் பேச வேண்டியிருக்கிறது. கோடில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஸ்டேட்டிக்: நீங்கள் தரும் முகவரியே கோடுக்குள் நேரடியாக இருக்கும். மற்றது டைனமிக்: கோடுக்குள் இருப்பது அந்த இணைய தளத்தின் முகவரி, ஸ்கேன் செய்பவர் முதலில் அங்கே போய், அங்கிருந்து உங்கள் பக்கத்திற்கு அனுப்பப்படுவார். டைனமிக் வகையில் பின்னால் முகவரியை மாற்றலாம், எத்தனை பேர் ஸ்கேன் செய்தார்கள் என்று பார்க்கலாம். வசதிதான். ஆனால் பல தளங்கள் இதைச் சொல்லாமலே டைனமிக் கோடைத் தந்துவிட்டு, இரண்டு வாரச் சோதனைக் காலம் முடிந்ததும் அதை நிறுத்திவிடுகின்றன. "பணம் கட்டினால் மீண்டும் இயங்கும்" என்பார்கள். பத்திரிகையோ ஏற்கனவே ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்திருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பணி ஓய்வுப் பாராட்டு விழாவில் இப்படித்தான் நடந்தது. மண்டபத்திற்கு வழி தேடி ஸ்கேன் செய்தவர்களுக்கெல்லாம் கட்டண அறிவிப்பு வந்து நின்றது. பத்திரிகையில் மண்டபத்தின் பெயர் இருந்ததால் தப்பித்தார்கள்.

பெரிய நிறுவனம் என்றால் நம்பலாமா? கூகுளே 2009ல் ஒரு முகவரி சுருக்கும் சேவையைத் தொடங்கி, 2019ல் புதிய முகவரிகள் தருவதை நிறுத்தியது. 2025 ஆகஸ்டில், நெடுநாளாக யாரும் பயன்படுத்தாத பழைய முகவரிகளையும் செயலிழக்கச் செய்தது. நடுவில் ஒருவர் நின்றால் அவர் போகும்போது நம் கோடும் போகும்.

உங்கள் கம்ப்யூட்டரிலேயே வழி இருக்கிறது. இலவச லிப்ரே ஆபிஸ் தொகுப்பில் 2020ல் வந்த 6.4 பதிப்பிலிருந்து இந்த வசதி உள்ளது. ரைட்டரில் இன்செர்ட் மெனு சென்று, ஓ.எல்.இ. ஆப்ஜெக்ட் பிரிவில் க்யூ.ஆர். அண்ட் பார்கோட் என்பதைக் கிளிக் செய்திடுங்கள். கிடைக்கும் கட்டத்தில் முகவரியை பேஸ்ட் செய்து ஓகே தட்டினால் கோட் தயார். இன்டர்நெட் இணைப்பே வேண்டாம். இது ஸ்டேட்டிக் கோட் என்பதால் காலாவதியும் ஆகாது. குரோம் பிரவுசரிலும் ஒரு பக்கத்தின் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து அந்தப் பக்கத்திற்கான கோடைப் பெறலாம். என்ன, நடுவில் ஒரு குட்டி டைனோசர் படம் இருக்கும். கல்யாணப் பத்திரிகைக்கு அது பொருந்துமா என்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

அப்படியானால் பின்னால் விவரம் மாறினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கூகுள் சைட்ஸ் தளத்தில் உங்கள் கணக்கில் ஒரு பக்கம் அமைத்து, அதன் முகவரியைக் கோடாக்குங்கள். முகவரி மாறாது, பக்கத்தில் உள்ளதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். விழாவுக்கு முன்பு மண்டபத்தின் மேப், விழாவன்று நிகழ்ச்சி நிரல், முடிந்த பின் போட்டோக்கள். பணம் கட்டி வாங்கும் டைனமிக் கோடு செய்வதில் வீட்டுக்கு வேண்டியது இதுதானே?

அச்சு விஷயத்தில் நம் பத்திரிகைகளுக்கென்றே சில தொல்லைகள் உண்டு. அரக்குச் சிவப்பு அட்டையில் தங்க நிறத்தில் கோட் போடுகிறார்கள். பார்க்க அழகு, கேமராவுக்கு அது பிடிக்காது. ஜிகினா விளக்கொளியில் மினுங்கும். அடர் நிறப் பின்னணியில் வெளிர் நிறக் கோட் என்று தலைகீழாகப் போட்டால் சில ஸ்கேனர்கள் படிக்கவே மாட்டா. வெள்ளையில் கறுப்பு என்பதே பாதுகாப்பு. சுற்றிலும் நான்கு கட்ட அகலத்திற்குக் காலி இடம் விட வேண்டும் என்பது இதற்கான தர விதி. டிசைனர் அந்த இடத்தில் ஒரு மயில் தோகையைக் கொண்டு வந்து ஒட்டுவார், விடாதீர்கள். பத்திரிகையின் மூலையில் தடவும் மஞ்சளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். க்யூ.ஆர். கோடில் பிழை திருத்தும் வசதி நான்கு நிலைகளில் உள்ளது. உயர்ந்த நிலையில் சுமார் 30 சதவீதம் பழுதானாலும் படிக்க முடியும். எனவே கொஞ்சம் மஞ்சள் பட்டால் பயமில்லை. ஆனால் மூன்று பெரிய சதுரங்களில் ஒன்று முழுவதும் மறைந்தால் கதை முடிந்தது. மஞ்சள் தடவும் மூலையில் கோடை வைக்காமல் இருப்பதே எளிது.

அளவுக்கு ஒரு பொதுவான கணக்கு, தூரத்தில் பத்தில் ஒரு பங்கு. கையில் பிடித்துப் பார்க்கும் பத்திரிகைக்கு இரண்டரை சென்டிமீட்டர் போதும். ஐந்து மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் பேனரில் அரை மீட்டர் வேண்டும். சாலையோர பேனரில் உள்ளங்கை அளவு கோட் போடுபவர்கள், பைக்கில் போகிறவர் இறங்கி ஏணி வைத்து ஏறுவார் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

இன்னொரு வேடிக்கை. இன்று பாதிப் பத்திரிகைகள் வாட்ஸ்அப்பில் படமாகத்தான் வருகின்றன. போனில் வந்த படத்தை அதே போனை வைத்து எப்படி ஸ்கேன் செய்வது? படத்தைத் திறந்து கூகுள் லென்ஸ் மூலம் படிக்கலாம் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். கும்பகோணத்தில் இருக்கும் பெரியம்மாவுக்குத் தெரியுமா? வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படத்தின் கீழே அந்த முகவரியையும் லிங்க்காகப் போட்டுவிடுங்கள். அச்சடித்த பத்திரிகையிலும் மண்டபத்தின் முழு முகவரி, ஒரு போன் எண் இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். ஸ்மார்ட் போன் இல்லாதவரை "நீங்கள் வர வேண்டாம்" என்று சொல்வது போன்ற பத்திரிகைகளைப் பார்க்கிறேன். வருத்தமாக இருக்கிறது.

வருபவர்களைப் பதிவு செய்ய கூகுள் பார்ம்ஸ் வைப்பவர்கள் உண்டு. எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று தெரிய இது உண்மையிலேயே உதவும். பெயர், எத்தனை பேர், எந்த வேளை: அவ்வளவுதான் கேளுங்கள். பிறந்த தேதியும் ஆதார் எண்ணும் சமையல்காரருக்கு எதற்கு? பதில்களின் தொகுப்பை எல்லோருக்கும் காட்டும் அமைப்பு ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அது ஆன் ஆகியிருந்தால், பதிவு செய்கிற ஒவ்வொருவரும் மற்றவர்கள் தந்த விவரங்களைப் பார்க்க முடியும்.

நுழைவுச் சீட்டு உள்ள நிகழ்ச்சி என்றால் விஷயம் வேறு. கோட் இருந்தாலே போலி வராது என்று நம்புவது தவறு. அதை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பத்துப் பேருக்கு அனுப்பலாம், பத்தும் அசல்தான். ஒவ்வொரு சீட்டுக்கும் தனி எண் தந்து, வாசலில் அந்த எண் ஏற்கனவே உள்ளே போய்விட்டதா என்று பார்த்தால் மட்டுமே பயன். இதற்குப் பெரிய சாப்ட்வேர் வேண்டாம். யு.எஸ்.பி.யில் இணைக்கும் டூடி ஸ்கேனர் ஒன்று போதும். கம்ப்யூட்டர் அதைக் கீபோர்டாகவே கருதும். கோடில் உள்ளதை டைப் செய்து என்டரும் தட்டிவிடும். எக்ஸெலில் அல்லது கால்க்கில் ஒரு பட்டியலைத் திறந்து வைத்து, கவுன்ட்இஃப் பார்முலா மூலம் அதே எண் இரண்டாம் முறை வந்தால் சிவப்பாகக் காட்டச் செய்யலாம். எல்லாம் லேப்டாப்பிலேயே நடப்பதால் மண்டபத்தில் சிக்னல் இல்லாவிட்டாலும் வரிசை நிற்காது. வாசல் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு வாசல், இரண்டு லேப்டாப் என்றால் ஒன்றுக்கு மற்றொன்று தெரியாது.

கடைசியாக மொய். 2016ல் யு.பி.ஐ. வந்த பிறகு மொய் மேஜையிலும் கோட் ஒட்டும் வழக்கம் வந்துவிட்டது. சில்லறைத் தொல்லை இல்லை என்பது உண்மை. ஆனால் மொய் நோட்டு வெறும் வரவுக் கணக்கு அல்லவே. எந்த ஊர், யார் மகன், எவ்வளவு செய்தார் என்பது அதில்தான் இருக்கிறது. நாளை அவர் வீட்டு விசேஷத்திற்குத் திருப்பிச் செய்வதற்கு அதுதான் ஆதாரம். வங்கிக் கணக்கில் "குமார் ஆர், ரூ. 1,001" என்று வந்து நின்றால் எந்தக் குமார் என்று தேடுவது? ஆறு குமார்களும் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். விட்டுப்போன ஒருவருக்குத் திருப்பிச் செய்யாமல் போய், அதனால் பேச்சே நின்ற குடும்பங்களும் இருக்கின்றன. எனவே கோட் இருந்தாலும் நோட்டும் பேனாவும் ஒரு ஆளும் மேஜையில் இருக்கட்டும். ஸ்கேன் செய்தவர் போனில் பணம் போனதைப் பார்த்து, பெயரையும் ஊரையும் கேட்டு எழுத வேண்டும். பணம் செலுத்துமுன் திரையில் வரும் பெயர் விழா வீட்டாரின் பெயர்தானா என்று வருபவர்கள் பார்ப்பதும் அவசியம்; ஒட்டியிருக்கும் கோட் மேல் வேறொரு கோடை ஒட்டுவது ஒரு நிமிட வேலை. மேஜையில் இருப்பவர் அரை மணிக்கு ஒரு முறை அட்டையைத் தொட்டுப் பார்த்துக் கொள்ளலாம். பத்திரிகையிலேயே பணம் அனுப்பும் கோடை அச்சடிப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அழைக்கும்போதே கையை நீட்டுவது போல இருக்கிறது.

அச்சகத்தில் முழு ஆர்டருக்கு ஓகே சொல்லுமுன், அசல் அட்டையில் ஒரே ஒரு பிரதி அடித்துத் தரச் சொல்லுங்கள். மானிட்டரில் ஸ்கேன் ஆவது கணக்கில்லை. அந்தப் பிரதியை வீட்டிலுள்ள புதிய போன், பழைய போன், பக்கத்து வீட்டுக்காரர் போன் மூன்றிலும், மாலை டியூப்லைட் வெளிச்சத்தில் ஸ்கேன் செய்து பாருங்கள். உங்கள் கூகுள் கணக்கில் நுழையாத போனாக ஒன்றாவது இருக்கட்டும். உங்கள் போனில் திறக்கும் பக்கம், பகிரும் அனுமதி தரப்படாததால் மற்றவர் போனில் அனுமதி கேட்டு நிற்கும். இது அச்சடிக்கும் முன் தெரிந்தால் ஐந்து நிமிடத்தில் சரி செய்துவிடலாம்.