கல்யாணத்துக்குப் போன மாணவர்

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு சாவு. எண்பதைத் தாண்டிய பெரியவர். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வந்தார்கள். மூத்த பேரனை மட்டும் காணோம். அந்தத் தாத்தாவின் தோளிலேயே வளர்ந்த பையன். எங்கே என்று கேட்டேன். "கோச்சிங்ல இன்னைக்கு டெஸ்ட் சார். படிக்கிற புள்ள, மனசு கலைஞ்சிடும். சாயந்தரம் வந்துடுவான்" என்றார் அப்பா. சாயந்தரம் வந்து அவன் எதைப் பார்ப்பான்? சுற்றி நின்ற அத்தனை பேரும் சரி என்று தலையாட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

படிக்கிற பிள்ளைக்குப் படிப்பைத் தவிர வேறெதுவும் தெரியக்கூடாது. சாவு, கல்யாணம், கடன், சண்டை, சமையல் எல்லாம் வேலை கிடைத்த பிறகு. வீட்டுக்கு வீடு இதுதான் வேதவாக்கு. வேறு ஊரில் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளலாம். புதுச்சேரியில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எப்படி வாய் வருகிறது?

1891இல் இந்த ஊரில் பிறந்த கனக சுப்புரத்தினம், கல்வே கல்லூரியில் தமிழ் படித்தார். இருபதை ஒட்டிய வயதில் வேணு நாயக்கர் என்பவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனார். பாடச் சொன்னார்கள், பாரதியின் பாட்டை எடுத்துப் பாடினார். பாடலை எழுதியவரே கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. அன்று தொடங்கிய இருவரின் பழக்கம் பாரதி 1918இல் ஊரை விட்டுக் கிளம்பும்வரை நீடித்தது. பாரதிதாசன் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அன்றைக்கு அவர் வீட்டில் யாராவது "கல்யாணமெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், உட்கார்ந்து படி" என்று கதவைச் சாத்தியிருந்தால்?

"அவர் கவிஞர், நம்ம பிள்ளை அப்படியா" என்று உடனே சொல்வார்கள். கல்யாணத்துக்குப் போகும்போது அவரும் வெறும் சுப்புரத்தினம்தான். யாருக்கு எங்கே எவர் குருவாக வாய்ப்பார் என்று எந்த அப்பாவுக்கு முன்கூட்டியே தெரியும்? பிள்ளையைக் கூண்டில் போட்டுவிட்டு, அது பறக்கிற ஜாதி இல்லை என்று சொல்வது அக்கிரமம்.

இன்னொன்றும் உண்டு. சுப்புரத்தினம் 1909இலேயே தமிழாசிரியர் வேலையில் சேர்ந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்கும் வாத்தியார். ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவில் பாரதி வீட்டில் மாணவர். பரீட்சை எழுதி முடித்து, வேலையும் கிடைத்த பிறகுதான் அவர் படிப்பே தொடங்கியது. சாதி பார்க்காமல் எப்படிப் பழகுவது என்பதை அந்த வீட்டில் கண்ணால் பார்த்தார். அதே பாரதிதான் ரா. கனகலிங்கம் என்ற தலித் இளைஞருக்குப் பூணூல் போட்டு ஊரைத் திகைக்க வைத்தவர். கனகலிங்கம் பிறகு தன் குருநாதரைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அந்த வீட்டில் கற்றதை எந்த வினாத்தாளில் கேட்க முடியும்? நான்கு விடை கொடுத்து ஒன்றுக்கு வட்டம் போடச் சொல்வீர்களா?

வெளியே அனுப்பத்தான் பயம் என்றால், பள்ளிக்கூடத்துக்குள்ளாவது விடுகிறார்களா? பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்கிறார். ஒரு பெற்றோரும் வாய் திறப்பதில்லை. இதே ஊரில் 1943இல் அரவிந்தர் ஆசிரமம் தொடங்கிய பள்ளியில் விளையாட்டும் உடற்பயிற்சியும் அன்றாடப் படிப்பில் சேர்த்தி. அங்கே படித்து முடித்தால் பட்டமே கொடுப்பதில்லை. அந்தப் பக்கமாகத்தான் தினமும் வண்டியில் பிள்ளையை டியூஷனுக்கு ஏற்றிப் போகிறோம். விளைவு என்ன? பிளஸ் டூ முடித்த பையனை வங்கிக்கு அனுப்பிப் பாருங்கள். பணம் கட்டும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கணக்கு எண் எங்கே எழுதுவது என்று காவலாளியிடம் கேட்கிறான். அவனுக்குச் சோறு வடிக்கத் தெரியாது. அதே பிளஸ் டூ படிக்கிற அவன் தங்கைக்குத் தெரியும். வாழ்க்கைப் பாடம் அப்புறம் என்கிற சட்டம் ஆண்பிள்ளைக்கு மட்டும்தானா? பெண் டெஸ்ட்டுக்கும் படிக்க வேண்டும், பாத்திரமும் தேய்க்க வேண்டும். இதைப் பற்றிப் பேசினால் இன்னும் கோபம்தான் வரும்.

ஊர்க் கதையாவது பிள்ளைகளுக்குத் தெரிகிறதா? கடலூர் சாலையில் மூடிக்கிடக்கும் ஏ.எஃப்.டி. மில்லைத் தாண்டித்தான் எத்தனையோ பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். 1936 ஜூலை 30 அன்று இந்த ஊரின் இன்னொரு மில்லான சவானாவின் தொழிலாளர் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 பேர் செத்தார்கள். அதன் பிறகே எட்டு மணி நேர வேலைச் சட்டம் கிடைத்தது. மில் தொழிலாளியின் பேரனிடம் கேட்டேன், தெரியாது என்றான். வீட்டில் தாத்தாவைக் கேட்டிருக்கலாமே என்றேன். "படிக்கிற நேரத்துல கதை கேக்காதேன்னு அம்மா சொல்லியிருக்காங்க" என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பாரதிதாசன் 37 வருஷம் வகுப்பறையில் நின்று பாடம் நடத்தி 1946இல் ஓய்வு பெற்றவர். பாடப் புத்தகத்தின் அருமை அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் கல்யாணத்துக்குப் போனார். பெருமாள் கோயில் தெருவில் அவர் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. பள்ளிகளிலிருந்து சுற்றுலாவாகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அழைத்துப் போகிறார்கள். அதே பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் சிறப்பு வகுப்பு வைக்கிறார்கள். முதலில் அந்த ஞாயிறு வகுப்பை நிறுத்துங்கள். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் லீவு கேட்டு வருகிற பையனை அலுவலக வாசலில் நிற்க வைத்து விசாரிக்காமல் அனுப்புங்கள்.